அப்பாவின் வலது கண்

நான் போதைப்பொருள் எடுக்கவில்லை. மருத்துவமனையில் இருந்த நாட்களில் இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர்களில் சிலர் அங்கே இல்லவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். மற்றவர்கள் இருந்தார்கள், ஆனால் நம்பவில்லை.

இப்போது தேறிவிட்டேன். இதை எழுதக் காரணம் இரண்டு. ஒன்று, இதே மாதிரி வேறு ஒரு பெண் கட்டிலில் கிடந்து, ‘எதை எடுத்தே, உண்மையச் சொல்லு’ என்ற கேள்விக்கு விழித்துக்கொண்டிருக்கலாம். அவளைச் சுற்றி நிற்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். இரண்டு, சிலிபினில் இருக்கும் என் அத்தை இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்.

நாங்கள் ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரில், மலாயில் தாமான் என்று சொல்லும் ஒரு வீட்டுக் குடியிருப்பில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய், அதன் கரையில் கொஞ்சம் மண், அதைத் தாண்டி ஒரு சிறிய கோவில். எல்லாம் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் கட்டிய கோவில் அது. தோட்டம் விற்கப்பட்டு வீடுகள் வந்த பிறகும் அதை யாரும் அசைக்கவில்லை. அப்பா அந்தத் தோட்டத்து நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுபவராக இருந்தவர். இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை. அம்மா பள்ளிக்கூட சிற்றுண்டிச் சாலையில். நான் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தர ஆய்வகத்தில் டெக்னீஷியன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எது ஒழுகுகிறது என்று பார்த்துக் குறிப்பது என் வேலையில் ஒரு பகுதி. எதையும் வரிசைப்படுத்திச் செய்து பழகிவிட்டேன். வீட்டில் மளிகைச் சாமான் வாங்கப் போனாலும் கடை அடுக்கு எப்படி இருக்கிறதோ அந்த வரிசையில்தான் எழுதிக்கொண்டு போவேன். அம்மா சிரிப்பார்.

அன்று மத்தியான ஷிப்ட். கிளம்பும் முன் அப்பா ஒரு கிண்ணம் நிறையத் தக்காளி கொண்டுவந்து வைத்தார். கால்வாய்க் கரையில் அவர் போட்ட செடியில் முதல் காய்ப்பு. ஒன்றைக் கோவிலில் சாமி முன் வைத்துவிட்டு மற்றதெல்லாம் எனக்கு. எங்கள் வீட்டில் முதல் காய்ப்பு எதுவானாலும் சாமிக்கும் எனக்கும்தான். நான் தக்காளியைப் பச்சையாகவே உப்புத் தொட்டுத் தின்பவள். ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு வேனில் ஏறினேன்.

ஆய்வகத்தில் முதலில் வாய் உலர்ந்தது. தண்ணீர் குடித்தேன், விழுங்க முடியவில்லை. பிறகு பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த எழுத்துகள் கலங்கின. பக்கத்து மேசை நூருல், என் முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது, வீட்டில் சண்டையா என்று கேட்டாள். கேட்டது நினைவிருக்கிறது. பதில் சொன்னேனா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் பாதி எனக்கு நினைவிருப்பது, பாதி பிறர் சொன்னது. தொங்கிக்கொண்டிருந்த கையுறைகள் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கின. எனக்கு அது வியப்பாக இல்லை. தப்பாக எண்ணுகின்றன என்றுதான் கோபம் வந்தது. பிறகு லெட்சுமி வந்தாள். லெட்சுமி என்னோடு வேலை பார்த்து, கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டவள். அவளோடு நின்று வேன் தாமதமாக வருவதைப் பற்றி வெகுநேரம் பேசினேன். நூருலுக்கு நான் சுவரோடு பேசுவது தெரிந்தது. நான் ஒரு நாற்காலி மேல் ஏறி விளக்கைத் தொட முயன்றபோதுதான் ஆளைக் கூப்பிட்டார்களாம்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். போதைப் பொருளால் வரும் காட்சி என்றாலே வண்ணங்களும் கோலங்களும் மிதப்பும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்யும் பொருள்கள் உண்டு. அவற்றை எடுத்தவருக்குப் பெரும்பாலும் ஒரு மூலையில், இது மருந்தின் வேலை என்ற உணர்வு இருக்கும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு நடந்தது வேறு வகை. இதில் அந்த மூலையே அணைந்துவிடுகிறது. லெட்சுமி தோன்றினாள் என்று எனக்குத் தெரியாது. லெட்சுமி வந்தாள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் டெலிரியம் என்கிறார்கள். தமிழில் மூளைக்குழப்பம், சித்தப்பிரமை என்றெல்லாம் சொல்லலாம். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. விழித்துக்கொண்டே கனவுக்குள் இருப்பது என்றால் ஓரளவு பொருந்தும், ஆனால் கனவில் யாரும் உங்கள் கையைக் கட்டிலோடு கட்டுவதில்லை.

ஈப்போவில் மருத்துவமனை அவசரப் பிரிவில் என் கையைக் கட்டினார்கள். கட்டியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஊசிக் குழாயை நான் பிடுங்கிக்கொண்டிருந்தேனாம். காய்ச்சல் இருந்தது, ஆனால் வியர்வை ஒரு துளி இல்லை. இதயம் ஓட்டப் பந்தயத்தில் இருப்பதுபோல் அடித்தது. கண்ணின் கருமணி, அதாவது வெளிச்சத்துக்குச் சுருங்கும் நடுத்துளை, முழுக்க விரிந்து சுருங்க மறுத்தது. சிறுநீர்ப்பை நிறைந்து கிடந்தும் வெளியே வரவில்லை, குழாய் போட்டு எடுத்தார்கள். இவையெல்லாம் சேர்ந்தால் ஒரே பொருள்: நரம்பிலிருந்து உறுப்புக்குச் செய்தி கொண்டுபோகும் அசெட்டில்கோலின் என்ற இரசாயனத்தை ஏதோ ஒன்று தடுத்துவிட்டது. உமிழ்நீர், வியர்வை, கண், சிறுநீர், நினைவு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். படபடப்பைத் தணிக்க ஊசியும், குளிர்ந்த துணியும், ஏற்றிய நீரும்தான் வைத்தியம். உடம்பு அந்தப் பொருளைக் கழுவி வெளியேற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தது அம்மா. நான் படுக்கை விரிப்பிலிருந்து எதையோ உரித்துக்கொண்டே இருந்தேனாம். எனக்கு அது நினைவிருக்கிறது. ரப்பர் மரத்தில் கட்டும் பால்கோப்பையின் விளிம்பில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து உருண்டையாக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கையை விரித்துக் காட்டினால் அதில் உருண்டையை வைப்பேன். அம்மா ஒவ்வொன்றையும் வாங்கிப் பக்கத்து மேசை மேல் வைத்திருக்கிறார். ஒன்றுமில்லாததை வாங்கி வைப்பதற்குக் கூச்சப்படவில்லை.

மெல்லத் தெளிந்தேன். தெளிந்தபோது என்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவு எழுதப்பட்டிருந்தது. என் கோப்பில், போதைப்பொருள் பயன்பாடு என்று சந்தேகம் எனக் குறித்திருந்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்தது. அதைக் காட்டி வாதாடினேன். என்னைப் பார்த்துக்கொண்ட இளம் மலாய் டாக்டர் பொறுமையானவர். அந்தப் பரிசோதனை குறிப்பிட்ட சில பொருள்களை மட்டுமே தேடும், இப்போது வரும் பலவற்றை அது காணாது என்றார். எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் அவர் சொன்னது சரி என்பதுதான். ஒரு சோதனை எதைத் தேடுகிறதோ அதைத்தான் கண்டுபிடிக்கும் என்று ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

சளி மாத்திரையைக் கைநிறைய விழுங்கினாயா, தூக்கம் வர ஏதாவது எடுத்தாயா, ஏதாவது பூவையோ விதையையோ கொதிக்கவைத்துக் குடித்தாயா என்று கேட்டார். இளைஞர்கள் வேடிக்கைக்காக அப்படியெல்லாம் செய்கிறார்களாம். அன்று வாயில் போட்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். காலையில் ரொட்டி, தேநீர், பிறகு தக்காளி, தண்ணீர். தக்காளி என்றபோது டாக்டர் நிமிரவில்லை. நானும் நிமிரவில்லை. அம்மாவிடம் தனியாகக் கேட்டார்கள். மூலிகை, கஷாயம் எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது என்று அம்மா சொன்னார். அதுவும் உண்மைதான்.

தொழிற்சாலையிலிருந்து பாதுகாப்பு அதிகாரி ஒருவர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். உடம்பைக் கவனித்துக்கொள் என்றார். பிறகு அம்மாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, கோப்பில் அந்தக் குறிப்பு நிலைத்தால் கம்பெனி விதிப்படி வேலை போய்விடும் என்றார். மலாயில் போதைப்பொருளுக்கு டாடா என்று பெயர். டாடா கேஸ் என்றால் செமோரில் அடுத்த நாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும். வேலை போவதைவிட அந்தப் பெயர் ஒட்டிக்கொள்வதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அப்பாவின் அக்கா, சிலிபின் அத்தை, வேறு முடிவோடு வந்தார். தொழிற்சாலை கட்டிய இடத்தில் ஒரு முனி மரம் இருந்ததாம், அதை வெட்டியதால் காத்து அடித்துவிட்டதாம். கைப்பையில் எலுமிச்சம்பழங்கள் வைத்திருந்தார். ஒன்றை என் தலையணைக்கு அடியில் திணிக்கும்போது வார்டு நர்ஸ் ராஜம் மிஸி பார்த்துவிட்டார்.

“அக்கா, பழம் இங்க வேணாம். வேணும்னா கேன்டீன்ல குடுங்க, ஜூஸ் போடுவாங்க.”

அத்தை அசரவில்லை. என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார். “இங்க பாரு. பேய் புடிச்சிருச்சுன்னா நாலு பேரு பாவம்னு சொல்வாங்க. டாடான்னா எவன் வாசலுக்கு வருவான்? யோசிச்சுச் சொல்லு.”

யோசித்தேன். அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு பொய்களில் எது மலிவு என்று கேட்டார், அவ்வளவுதான். எனக்கு இரண்டும் வேண்டாம் என்றேன். கொழுப்பு என்றார்.

அத்தை போன பிறகு அம்மா என் தலையை வாரிவிட்டார். பின்னல் போட்டு முடித்துவிட்டு, பின்னாலிருந்தே, “தெரியாத்தனமா எதையாவது குடிச்சிருந்தா அம்மாகிட்ட மட்டும் சொல்லிடும்மா, திட்ட மாட்டேன்” என்றார். ஒன்றுமில்லாத உருண்டைகளை அவ்வளவு நேரம் வாங்கி வைத்தவர். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எடுக்கலம்மா என்று மட்டும் சொன்னேன்.

பிரச்சினை என்னவென்றால், எனக்கே என் மேல் முழு நம்பிக்கை இல்லை. இது அந்தப் பொருள் செய்யும் இரண்டாவது கெடுதல். தெளிந்த பிறகும் எதிரில் நிற்பவர் நிஜமா என்று சோதிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்பேன். வந்துபோன லெட்சுமி எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் பேசியிருந்தாள். ராஜம் மிஸியிடம் அவருடைய மகன் பெயரையும் அவன் படிக்கும் பள்ளியையும் கேட்டேன். சொல்லிவிட்டு, “நான் நெசந்தான் அம்மணி. அன்னிக்கு என்னைய கையுறைன்னு சொல்லி தண்ணி ஊத்திப் பாக்கணும்னு நின்னியே, அப்பக் கேட்டிருக்கணும்” என்றார்.

இன்னொன்றும் இருந்தது. பக்கத்தில் உள்ள எதையும் படிக்க முடியவில்லை. கண்ணை அருகில் குவிக்கும் தசையும் மரத்துப்போயிருந்தது. கைபேசி வெறும் வெள்ளைப் பலகை. தூரத்தில் இருப்பவை மட்டும் தெளிவு. வார்டின் கோடியில் தொங்கும் நாட்காட்டியைப் படிப்பேன், கையில் இருக்கும் மாத்திரை அட்டையைப் படிக்க முடியாது.

அதனால்தான் அப்பாவை அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன். அவர் மத்தியானப் பார்வையாளர் நேரத்தில் காவல் சீருடையோடு வந்தார். என் கட்டில் அருகே வராமல் கதவோரம் நின்று, ஜன்னல் வெளிச்சம் படாமல் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். வலது கண். அந்தக் கருமணி பெரிதாகக் கறுத்திருந்தது. இடது கண் எப்போதும்போல்.

முதலில் பயந்தேன். மறுபடியும் தொடங்கிவிட்டதோ என்று. மிஸியை அழைத்து, கதவோரம் யாராவது நிற்கிறார்களா என்று கேட்டேன்.

“உங்கப்பா நிக்கிறாரு.”

“அவரு கண்ணு எப்படி இருக்கு? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

மிஸி அவரிடம் போய் முகத்தைப் பார்த்தார். பிறகு வேகமாக டாக்டரை அழைத்தார். ஒரு கருமணி மட்டும் விரிந்தால் மூளையில் இரத்தக் கசிவாக இருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். சக்கர நாற்காலி வந்தது. அப்பா அதைப் பார்த்து, நான் மகளைப் பார்க்கத்தான் வந்தேன், எனக்கு எதற்கு வண்டி என்று நின்றார். கண்ணில் தூசி விழுந்திருக்கும், காலையிலிருந்து கூசுகிறது, தேய்த்தேன் என்றார். என் கட்டிலருகே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். டாக்டர் விளக்கடித்தார். இடது சுருங்கியது. வலது அசையவில்லை. தலைவலி இல்லை, கை கால் எல்லாம் நன்றாக இருந்தன.

சுருங்காத கருமணியைப் பற்றி எங்கே கேட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது என் நோய்.

“அப்பா, காலையில என்ன வேல செஞ்சீங்க?”

“என்ன வேல? செடிக்குத் தண்ணி ஊத்தினேன். அடியில தளிர் விட்டிருந்துச்சு, கிள்ளிப் போட்டேன்.”

“எந்தச் செடி?”

“தக்காளி.”

ஒட்டுச் செடியில் ஒட்டுக்குக் கீழே தளிர் விட்டால் கிள்ளிவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கீழே வருவது அடிச்செடியின் தளிர். கத்தரியை அவர் சுண்டைக்காய்ச் செடியில் கட்டுவார். தக்காளியும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

“தக்காளிக்கு அடியில எத வச்சுக் கட்டினீங்க?”

 அப்பா தன் வலது கை விரல்களைப் பார்த்தார்.

“ஊமத்த.”

கோவிலுக்குப் பின்னால் சிவனுக்குப் பூப் பறிக்க வைத்திருக்கும் வெள்ளை ஊமத்தை. அதன் தளிரைக் கிள்ளிய விரலால்தான் கண்ணைத் தேய்த்திருக்கிறார். எங்கள் மண்ணில் தக்காளி வாடல் நோயில் செத்துக்கொண்டே இருந்தது. ஊமத்தை மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் நின்றது. அப்பா யோசித்திருக்கிறார். அது விஷம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை சொன்னது வேறு. நாற்றங்காலில் கண்ட விதையில் முளைத்த ரப்பர் கன்றின் மேல் நல்ல ரகத்தின் மொட்டை வைத்துக் கட்டுவார்கள். வேர் எதுவாக இருந்தாலும் மேலே வளரும் மரம் நல்ல ரகம், அதில் வடியும் பாலும் நல்ல ரகத்தின் பால். ‘வேரு யாரோடதா இருந்தா என்ன, பாலு மேல உள்ளதோடது’ என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்களாம். ரப்பருக்கு அது போதும். ஊமத்தை தன் விஷத்தை வேரில்தான் சமைக்கிறது, அங்கிருந்து மேலே அனுப்புகிறது. மேலே இருப்பது ஊமத்தை இலையா தக்காளிப் பழமா என்று வேருக்குத் தெரியாது.

நான் இதை அப்பா மேல் சுமத்த வேண்டியிருக்குமே என்று நினைத்தேன். அவர் எனக்கு அந்தச் சிரமத்தைத் தரவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, டாக்டரைப் பார்த்து மலாயில் சொன்னார். என் மகள் எதையும் எடுக்கவில்லை. நான் கொடுத்தேன். நான் கட்டிய செடி, என் கையால் பறித்துக் கொடுத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர் அவரை முதலில் உட்காரச் சொன்னார். பிறகு நச்சியல் பிரிவுக்கு போன் செய்தார். இப்படி நடக்கக்கூடியதுதான் என்று அங்கே உறுதியாகச் சொன்னார்களாம். மீதிப் பழம் இருக்கிறதா என்று கேட்டபோது அப்பாவுக்குக் கோவிலில் வைத்தது நினைவு வந்தது. அடுத்த நாள் சுருங்கிப்போன அந்த ஒற்றைத் தக்காளியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்தார்.

“நல்லவேளை, சாமி திங்கல” என்றார் மிஸி. “அவரையும் இங்கதான் சேத்திருக்கணும்.”

அப்பா சிரித்தார். நான் சேர்ந்ததிலிருந்து அவர் சிரித்தது அன்றுதான்.

பழத்தில் விஷம் இருந்ததை ஆய்வுக்கூடம் பிறகு உறுதி செய்தது. டாக்டர் அதற்குக் காத்திருக்கவில்லை. என் கோப்பில் சந்தேகம் என்றிருந்த வரியை அடித்து, உணவு வழி தற்செயல் நஞ்சு என்று எழுதிக் கையெழுத்திட்டார். என்னால் படிக்க முடியாதே. அதனால் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தார். அம்மாவுக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை என்றேன். அம்மா என் பக்கத்திலேயே நின்றிருந்தார். டாக்டருக்கும் அது தெரியும். இரண்டாம் முறையும் படித்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே அத்தை வந்தார். மூளைக்காய்ச்சல் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டதாகவும், நாங்களும் அதையே சொன்னால் போதும் என்றும் சொன்னார். ஊமத்தை என்றால் தன் தம்பியைப் பார்த்துச் சிரிப்பார்கள், என்னைப் பார்த்துப் பயப்படுவார்கள், வரன் வராது. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குப் போய்வந்தவள் மாதிரிப் பார்ப்பார்கள் என்றார். போய்வந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை அத்தை என்றேன். நான் யாருக்கும் தெரியாமல் ஒளிப்பதற்கு எதுவும் செய்யவில்லை. அப்பாவும் செய்யவில்லை.

தொழிற்சாலையில் சத்தமில்லாமல் வேலைக்குத் திரும்பலாம் என்றார் பாதுகாப்பு அதிகாரி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. டாடா கேஸ் என்ற பேச்சு ஷிப்ட் தொடங்கும் கூட்டத்தில்தான் சத்தமாக நடந்தது, ஆகவே பதிலும் அங்கேதான் நடக்க வேண்டும் என்றேன். நின்று, வரிசையாக, தொடக்கத்திலிருந்து சொன்னேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன், ஷியோக்கா, சுகமா இருந்துச்சா என்று கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“ட்யூப் போட்டுத்தான் மூத்திரம் எடுத்தாங்க. கையக் கட்டி வச்சாங்க. எங்கம்மா இல்லாதத கையில வாங்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஷியோக்தான் அண்ணே, வேணுமா?”

அவன் காலணியைப் பார்த்தான். நூருல் கை தட்டினாள். அது தேவையில்லைதான், ஆனாலும் நன்றாக இருந்தது.

அப்பாதான் தேறவில்லை. கண் தானாகச் சரியாகிவிட்டது. ஆனால் கால்வாய்க் கரையில் இருந்த எல்லாச் செடியையும் பிடுங்கத் தொடங்கியிருந்தார். ஊமத்தையில் கட்டியவை போய்விட்டன, அது சரி. சுண்டைக்காயில் கட்டிய கத்தரிகளில் அவர் கை வைத்தபோது நான் போய் நடுவில் நின்றேன். இனி எதையும் கட்டப்போவதில்லை என்றார். ஒட்டுக் கத்தியைக் கால்வாயில் எறிந்துவிடுவதாகச் சொன்னார்.

“சுண்டைக்காய நாம தனியாவே திங்கிறோம். அதுல என்ன விஷம்? தக்காளியையும் இதுலயே கட்டுங்க.”

“வேணாம்மா.”

“நான் திங்கணும். கட்டுங்க.”

ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். கட்டினார்.

அது பழுத்தபோது அத்தை வீட்டில் இருந்தார். அப்பா பறித்த பழத்தைச் சாமிக்கும் வைக்கவில்லை, எனக்கும் தரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் அதை வாங்கி, கழுவி, உப்புத் தொட்டு, அத்தையைப் பார்த்துக்கொண்டே தின்றேன். ஒன்று தின்று முடித்து அடுத்ததையும் தின்றேன். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்று மாலை முழுக்க அப்பா கைபேசி விளக்கை ஏற்றிக்கொண்டு என் பின்னாலேயே நடந்தார். சமையலறையில், கூடத்தில், துணி மடிக்கும் இடத்தில். ஒவ்வொரு தடவையும் நான் வேலையை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பி, கண்ணை நன்றாகத் திறந்து காட்டினேன்.

“சுருங்குது” என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வருவார்.